எட்டு வீட்டுக்கு ஒரு கம்பி

ஆல்மா செவர்சனுக்கு அந்தச் சாலையில் மற்ற ஏழு வீடுகளின் மூச்சும் அத்துப்படி. டெலிபோனைக் காதில் வைத்தவுடன் யார் யார் எடுத்திருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவாள். கூம்ஸ் வீட்டுச் சுவர்க் கடிகாரம் நொண்டிக்கொண்டே ஓடும். காடிஸ் வீட்டுச் சமையலறையில் கேனரிக் குருவி விடாமல் கத்தும். கிழவர் டட்டிலுக்கு நெஞ்சில் சளி இழுக்கும். பேசுகிற இரண்டு பேரைத் தவிர யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். ஆனால் இருப்பார்கள்.

டன்னிங் ஊரிலிருந்து ஓடைச் சாலையோரமாக வந்த அந்தக் கம்பிக்கு மரம் வெட்டியது, குழி தோண்டியது, கம்பம் நட்டது எல்லாம் அந்தக் குடியானவர்களே. தாங்களே இழுத்த கம்பி ஆனதால் அதில் ஓடுகிற பேச்சும் தங்களுடையது என்பது அவர்கள் நியாயம். ஒரு வீட்டுக்காரர் டெலிபோன் பெட்டியின் கைப்பிடியைச் சுற்றினால் எட்டு வீட்டிலும் மணி சிணுங்கும். உடனே மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு எல்லாப் பெண்களும் சுவரண்டை போவார்கள். அயோவாவின் குளிர்காலம் நீளமானது. பனி வண்டித்தடத்தை மூடிவிட்டால் அடுத்த வீட்டு முகத்தைப் பார்க்கவே வாரக்கணக்காகும். மிஸஸ் கூம்ஸ் காது வலிக்காமல் இருக்கக் கேட்குழலுக்கு ஒரு பஞ்சுறையே தைத்து வைத்திருந்தாள். தைத்துக் கொடுத்தது ஆல்மாதான்.

அவள்தான் அந்த வட்டாரத்துக்கே தையற்காரி. ரயில் தண்டவாளத்தில் கூலி வேலை பார்த்த ஒரு நார்வேக்காரரின் மகள். பதினேழு வயதில் கார்ல் செவர்சனைக் கட்டிக்கொண்டாள். கார்ல் நன்றாகப் பாடுவான், தேவாலயத்தில் காணிக்கைத் தட்டு ஏந்துவான், வீட்டுக்கு வந்து அடிப்பான். ஒருமுறை அவள் கை முறிந்தது. போதகரிடம் போனபோது பொறுமையாக இருக்கச் சொன்னார். பொறுமையாக இருந்தாள். கைக்குழந்தையின் தொட்டிலை அவன் உதைத்த அன்று பொறுமை தீர்ந்தது. மாவட்ட நீதிமன்றத்தில் நின்று, எலும்பு கோணலாகக் கூடிய கையை நீதிபதிக்குக் காட்டி, விவாகரத்து வாங்கி வந்தாள்.

டன்னிங் ஒழுக்கமான ஊர். அடித்தவன் மேற்கே போய்விட்டு ஒரு கோடையில் திரும்பி வந்தபோது முடிதிருத்தும் கடையில் எழுந்து நின்று கை குலுக்கினார்கள். அடி வாங்கியவளுக்குத் தேவாலயப் பெஞ்சில் இடம் கிடைக்கவில்லை. அவள் உட்கார்ந்த பெஞ்சிலிருந்து மற்றவர்கள் மெதுவாக எழுந்து முன் வரிசைக்குப் போனார்கள். இரண்டு ஞாயிற்றுக்கிழமை பார்த்தாள். மூன்றாவது ஞாயிறு முதல் வீட்டில் இருந்து குழந்தைக்குப் படங்கள் காட்டிக்கொண்டிருந்தாள். கடவுள் இல்லாதவள் என்ற பட்டமும் சேர்ந்துகொண்டது. கல்யாண உடை அளவெடுக்க மட்டும் அதே பெண்கள் அவள் வீட்டுப் பின்வாசல் வழியாக வருவார்கள்.

கம்பியில் அவளுடைய மணி இரண்டு நீளம், ஒரு குட்டை. அது அடித்தால் எட்டு வீட்டில் ஒரு வீடு தப்பாமல் எடுக்கும். காரணம், ரயில் நிலையத்துக் குமாஸ்தா எமெட் ரூக். துணிக்கட்டு வந்து இறங்கும்போதெல்லாம் அவன் அவளைக் கூப்பிடுவான். மனைவியை இழந்தவன். அது போதாதா?

"துணி வந்திருக்காம். இந்த மாசத்துல மூணாவது தடவை" என்பாள் மிஸஸ் கூம்ஸ், வெண்ணெய்ப் பண்ணை வாசலில்.

"ஒரு முழம் அளந்து பாக்கப் போறாரோ என்னவோ" என்பாள் இன்னொருத்தி.

"அளக்கறதுன்னா அவளுக்குக் கை வந்த கலையாச்சே!"

ஆல்மாவின் காதுக்கும் அது வந்தது. அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைத்தான் அவர்களால் தாங்க முடியவில்லை. அழுதிருந்தால் ஒரு வாரத்தில் மன்னித்திருப்பார்கள்.

பக்கத்துப் பண்ணை ஹெஸ்டர் காடிஸ் மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி. வயதானவள், பிள்ளை இல்லாதவள். முன்வாசல் வழியாகவே வருவாள். ஆனால் கேட்பதில் அவளும் குறைந்தவள் இல்லை. குருவி காட்டிக்கொடுத்துவிடும்.

ஆல்மாவின் மகள் லோட்டிக்கு அப்போது ஏழு வயது. அவளுடைய உடுப்பெல்லாம் ஊர்ப் பெண்களின் உடைகளில் மிஞ்சிய துண்டுகள். வங்கிக்காரர் மகளின் நீலப்பட்டு ஒரு கையில், கூம்ஸ் வீட்டுத் திரைச்சீலை இன்னொரு கையில். அம்மா பேசிக்கொண்டிருக்கும்போது முக்காலியில் ஏறி நின்று பெட்டியின் வாயில் கத்துவாள்.

"ஹலோ, காடிஸ் வீட்டுக் குருவி! சாப்பிட்டியா?"

ஒருமுறை ஹெஸ்டருக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. கம்பி முழுக்கக் கேட்டது. மறுநாள் ஆப்பிள் வைத்துச் சுட்ட பலகாரத்தோடு வந்து நின்றாள்.

"குருவி குடுத்து விட்டுச்சு" என்றாள்.

அந்த இலையுதிர்காலத்தில் பெட்டியின் பாட்டரி மாற்ற வந்த கம்பி வேலைக்காரன் ஆல்மாவிடம் குறைப்பட்டுக்கொண்டான்.

"உங்க குரல் டவுனுக்கு வந்து சேரவே மாட்டேங்குதுன்னு அங்க லைன் போட்டுக் குடுக்கற மின்னா சொல்றாம்மா. கம்பில கோளாறு எதுவும் இல்ல. இதுல ஓடுறது ஒரு கெட்டில் காபி மாதிரி. ரெண்டு பேரு குடிச்சா சுடச்சுட இருக்கும். எட்டு கப்புல ஊத்துனா யாருக்கும் நாக்கு நனையாது. எடுக்க எடுக்கக் குரல் செத்துப்போகும்."

"இதை அவங்ககிட்ட சொல்லுங்களேன்."

"சொல்லாம இருப்பேனா? வீடு வீடாச் சொன்னேன். நான் எடுக்கறதே இல்லையேங்கறாங்க எல்லாரும்."

மார்ச்சில் பனி உருகிச் சாலை சேறாகக் கிடந்தபோது லோட்டிக்குத் தொண்டை வலி வந்தது. ஆல்மா ஹெஸ்டரைக் கூப்பிட்டுக் கேட்டாள். வாத்துக் கொழுப்பைச் சூடுபண்ணித் தடவச் சொன்னாள் ஹெஸ்டர். கூப்பிடாமலே மறுநாள் மிஸஸ் கூம்ஸ் யார் மூலமாகவோ வெங்காயப் பத்து போடச் சொல்லி அனுப்பினாள். எப்படித் தெரிந்தது என்று ஆல்மா கேட்கவில்லை. அதெல்லாம் கேட்கிற வழக்கம் அங்கே இல்லை.

அடுத்த நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு குழந்தையின் மூச்சில் ரம்பம் இழுக்கிற சத்தம் வந்தது. ஆல்மா அவளை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், கரண்டிக் காம்பால் நாக்கை அழுத்திப் பார்த்தாள். உள்ளே சாம்பல் நிறத்தில் ஒரு தோல் படர்ந்திருந்தது. துணி சுற்றி வரும் பழைய செய்தித்தாள்களை ஒன்று விடாமல் படிக்கிறவள் அவள். இது தொண்டை அடைப்பான், இதற்கு ஊசி மருந்து உண்டு, சீக்கிரம் போட்டால் பிழைக்கும் என்று படித்திருந்தாள். டவுன் டாக்டர் பெல்லோஸ் பையில் அந்த மருந்து இருக்கும் என்பதும் தெரியும். மூன்று மைல். அவளிடம் குதிரை இல்லை. சுவரில் டெலிபோன் இருந்தது.

கைப்பிடியைச் சுற்றினாள்.

"சென்ட்ரல்" என்றாள் மின்னா, டவுன் டெலிபோன் நிலையத்திலிருந்து.

"மின்னா, டாக்டரைக் குடு. சீக்கிரம்."

க்ளிக். கடிகாரம் நொண்டியது. க்ளிக். டட்டிலின் சளி. க்ளிக், க்ளிக். கேனரி கத்தியது. இன்னும் மூன்று க்ளிக். டாக்டரின் குரல், கிணற்றுக்கு அடியிலிருந்து வருவதுபோல் வந்தது.

"பெல்லோஸ் பேசறேன். யாரு?"

"டாக்டர், ஆல்மா செவர்சன். லோட்டிக்குத் தொண்டை அடைப்பான். மூச்சு வரலை. ஊசி எடுத்துக்கிட்டு உடனே வாங்க."

"யாரு? யாரு பேசறது? சத்தமாப் பேசுங்க."

கத்தினாள். தன் குரல் தன் சமையலறைச் சுவரில் மோதியது அவளுக்கே கேட்டது. ஆனால் கம்பியில் அது போகவில்லை என்பதும் தெரிந்தது. ஏழு வீட்டில் ஏழு காதுகள் அதைக் குடித்துக்கொண்டிருந்தன.

"வச்சிடுங்க! எல்லாரும் வச்சிடுங்க! மிஸஸ் கூம்ஸ், நீங்கதான்னு தெரியும், கடிகாரம் கேக்குது. மிஸஸ் காடிஸ், மிஸ்டர் டட்டில், உங்களைக் கெஞ்சிக் கேக்கறேன், வைங்க! என் பொண்ணு செத்துருவா!"

ஒரு க்ளிக். அவ்வளவுதான். செத்துவிடுவாள் என்று கேட்டபிறகு எப்படி வைப்பார்கள்? பிறகு என்ன ஆயிற்று என்று தெரிய வேண்டாமா? அவர்கள் கொலைகாரர்கள் இல்லை. அப்படி இருந்திருந்தால் வெறுத்துவிட்டுப் போய்விடலாம். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பெண் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, ஐயோ பாவம் என்று உண்மையாகவே உருகிக்கொண்டு, மற்றவர்கள் வைத்துவிடுவார்கள், நான் ஒருத்தி எடுத்திருப்பதால் என்ன குறைந்துவிடும் என்று நின்றாள். வைத்த ஒருவரும் மறுபடி எடுத்தார்.

"லைன் செத்துக் கிடக்கு மின்னா" என்று டாக்டர் சொன்னது ஆல்மாவுக்கு மெலிதாக, ஆனால் ஒரு வார்த்தை விடாமல் கேட்டது. "ஈரத்துல கம்பி எங்கயோ சாஞ்சிருக்கும். குவாரில ஒரு பிரசவம், நான் கிளம்பறேன். திரும்பக் கூப்பிட்டா யாருன்னு கேட்டு வை."

வைத்துவிட்டார்.

ஆல்மா குழந்தையைப் போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு சேற்றில் ஓடினாள். ஒரு செருப்பு அங்கேயே புதைந்தது. காடிஸ் வீட்டுக் கதவைத் தட்டக் கை தூக்குவதற்குள் கதவு திறந்தது. ஹெஸ்டர் ஏற்கெனவே சால்வை போட்டுக்கொண்டு நின்றாள்.

"ஓரின் வண்டி பூட்டிட்டு இருக்கார், ஆல்மா. டாக்டர் குவாரிக்குக் கிளம்பிட்டாராமே. அந்தப் பக்கமே போயிடலாம்."

ஆல்மா இன்னும் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். உள்ளே குருவி கத்தியது. போர்வைக்குள்ளிருந்து லோட்டி தலையைத் திருப்பினாள். அவளுக்குப் பேச்சு வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது. அந்தக் குருவிக்கு ஏதோ சொல்ல நினைத்திருப்பாள்.

ஹெஸ்டரின் கணவர் ஓரின் காடிஸ் குதிரைகளை வாழ்க்கையில் அடித்ததில்லை. அன்று அடித்தார். ஓடைப் பாலத்தில் பலகை போயிருந்ததால் இறங்கிச் சுற்றிப் போக வேண்டியிருந்தது. ஏற்றத்தில் சக்கரம் அச்சுவரை இறங்கியது. அவர் தோளைக் கொடுத்துத் தள்ளினார்.

"இப்ப எப்படி இருக்கா?" என்று திரும்பிப் பார்க்காமல் கேட்டார்.

"மூச்சு விடறா."

இன்னும் கொஞ்சம் போனதும் மறுபடி கேட்டார். ஆல்மா பதில் சொல்லவில்லை. அவர் குதிரைகளை நிறுத்தவும் இல்லை. வேகமாக ஓட்டிக்கொண்டே இருந்தார், இனியும் அவசரம் இருப்பதுபோல.

குவாரி மேஸ்திரி வீட்டிலிருந்து டாக்டர் ஈரக் கையோடு ஓடி வந்தார். போர்வையை விலக்கினார். தொண்டையைப் பார்த்தார். பிறகு மெல்ல மூடினார்.

"மருந்து என் பையிலேயே இருக்கும்மா. எப்பவும் இருக்கும்." என்றார். "மத்தியானம் கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு போன் பண்ணியிருக்கக் கூடாதா?"

ஓரின் காடிஸ் குனிந்து குதிரையின் குளம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தொற்று நோய் என்பதால் தேவாலயத்துக்குள் சவப்பெட்டியைக் கொண்டுபோகச் சட்டம் இடம் தரவில்லை. கல்லறைத் தோட்டத்தின் ஓரத்தில் குழி. வேலிக்கு வெளியே ஊர் கறுப்புடையில் நின்றது. அதில் பாதி ஆல்மா தைத்தது. போதகர் ஹட்சல் மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு தூரத்திலிருந்தே ஜெபித்தார். ஆண்டவருடைய சித்தத்தை நாம் கேள்வி கேட்கக் கூடாது என்றார்.

"ஆண்டவர் டெலிபோனை எடுக்கலை, பாஸ்டர்" என்றாள் ஆல்மா. சத்தம் போட்டுச் சொல்லவில்லை. "எடுத்தவங்க எல்லாரும் அதோ வேலிக்கு அந்தப் பக்கம் நிக்கறாங்க."

போதகர் புத்தகத்தை மூடினார். துக்கத்தில் பேசுகிறாள் என்று எல்லோரும் பெருந்தன்மையாக விட்டுவிட்டார்கள்.

அவள் வீட்டுக் கதவில் மஞ்சள் அட்டை அடித்தார்கள். யாரும் உள்ளே போகக்கூடாது, அவள் வெளியே வரக்கூடாது. சாவு வீட்டுக்குச் சமைத்துக் கொண்டுபோவது அந்த ஊரில் விடாத வழக்கம். அதனால் பாத்திரங்கள் வேலிக் கதவுக்கு வெளியே வந்து சேர்ந்தன. கோழிச்சாறு, உருளைக்கிழங்கு, உலர்ந்த திராட்சை வைத்துச் சுட்ட பலகாரம். ஒவ்வொரு பாத்திரத்தின் அடியிலும் திருப்பிக் கொடுப்பதற்காகப் பெயர் ஒட்டியிருந்தது. ஆல்மா பெயரைப் பார்க்கவில்லை. இது கடிகாரம், இது சளி, இது குருவி என்று எடுத்து வைத்தாள். கோழிச்சாறு நன்றாகவே இருந்திருக்கும். வாசனை அப்படி. நாய்க்கு ஊற்றிவிட்டுக் கழுவினாள்.

அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. ஏழு பேரில் ஒருவர், ஒரே ஒருவர், நான் எடுத்தேன், நான் கேட்டேன், நான் வைக்கவில்லை என்று சொல்ல வேண்டும்.

ஹெஸ்டர் தினமும் வேலிக் கதவுவரை வந்தாள்.

"அன்னைக்கு எல்லாரும் எடுத்திருந்தாங்க, ஆல்மா. வெக்கமா இருக்கு, இந்தச் சனங்களை நெனச்சா."

"நீங்க, மிஸஸ் காடிஸ்?"

ஹெஸ்டர் சால்வை நுனியை முறுக்கினாள். "உனக்கு எதுவும் உதவி வேணுமோன்னு தெரிஞ்சுக்கத்தான்…"

"அதான் முதல் வார்த்தையிலயே தெரிஞ்சுதே."

ஹெஸ்டர் அதற்கு மேல் நிற்கவில்லை.

இதற்கிடையில் டன்னிங் தனக்குத் தேவையான கதையை நெய்துகொண்டிருந்தது. முதலில் ஈரத்தால் கம்பி கெட்டது என்றார்கள். பிறகு குழந்தைக்கு முடியாதபோது அவள் எமெட் ரூக்கோடு பேசிக்கொண்டிருந்தாள், அதனால்தான் லைன் கிடைக்கவில்லை என்றார்கள். எமெட் ரூக் மிஸஸ் கூம்ஸின் கணவர் முகத்துக்கு நேராகவே அது பொய் என்றான். அதுவே அவர்களுக்கு ருசுவாகப் போயிற்று. கம்பிக்குச் சொந்தக்காரர்களின் கூட்டம் பள்ளிக்கூடத்தில் கூடி, கம்பி பழசு, புதுசு வாங்குவது என்று ஏகமனதாகத் தீர்மானித்தது. லோட்டி செவர்சனுக்காக எழுந்து நின்று மௌனமும் காத்தார்கள். காதைத் தீட்டிக்கொண்டு மௌனமாக இருப்பதில் அவர்களுக்கு நல்ல பழக்கம் உண்டு.

மஞ்சள் அட்டையைக் கழற்றிய நாள் ஆல்மா கழுவிய பாத்திரங்களைச் சுமந்துபோய் ஒவ்வொரு வீட்டுக் கம்பத்தடியிலும் வைத்தாள். வெறும் பாத்திரம். சாவு வீட்டிலிருந்து வெறும் பாத்திரமாகத் திரும்பும் வழக்கம் அங்கே கிடையாது. ஒரு துண்டு ரொட்டியாவது வைப்பார்கள். ஜன்னல் திரைகள் அசைந்தன. யாரும் வெளியே வரவில்லை.

வீட்டுக்கு வந்தாள். தொப்பியைக் கழற்றவில்லை. டெலிபோன் பெட்டிக்குக் கீழே லோட்டியின் முக்காலி அப்படியே இருந்தது. அதைக் காலால் தள்ளாமல், பக்கத்தில் தள்ளி நின்றுகொண்டு, கைப்பிடியை நிறுத்தாமல் சுற்றினாள். விடாத ஒரே நீள மணி. தீ பிடித்தால், சாவு விழுந்தால், ஓடையில் வெள்ளம் வந்தால் அடிக்கிற மணி. அதை மட்டும் எல்லோரும் எடுக்க வேண்டும், எடுப்பது கடமை.

ஏழு க்ளிக்கும் கேட்டது.

"நான் ஆல்மா" என்றாள். குரல் கம்பிக்குள் போய் எங்கோ அமுங்கியது. "அன்னைக்கு நான் பேசினது டவுனுக்குப் போய்ச் சேரலை. உங்களுக்காவது சரியாக் கேட்டுச்சான்னு தெரியலை. மறுபடி சொல்றேன்."

"யாரு? யாரும்மா அது? கேக்கலை, சத்தமா!" என்றார் டட்டில். அவர் அந்தக் கம்பியில் வாயைத் திறந்தது அதுதான் முதல் தடவை.

"டாக்டர், லோட்டிக்குத் தொண்டை அடைப்பான்."

எங்கோ ஒரு க்ளிக். வைத்துவிட்டார்கள். ஆல்மாவின் குரல் இம்மியளவு பலமானது.

"மூச்சு வரலை."

கடிகாரம் நொண்டியது. நின்றது. மிஸஸ் கூம்ஸ் வைத்துவிட்டாள். அன்று கெஞ்சியும் வைக்காதவர்களுக்கு இன்று நிற்க முடியவில்லை. க்ளிக். டட்டிலின் சளியும் போனது. க்ளிக். ஒவ்வொரு வீடாக விலக விலக அவள் குரல் நிமிர்ந்துகொண்டே வந்தது. கம்பியில் ஒரு கோளாறும் இல்லை. பழசும் இல்லை. மணி போல் தெளிவாக இருந்தது.

கடைசியில் குருவி மட்டும் மிஞ்சியது. அதன் பின்னால் யாரோ வாயைப் பொத்திக்கொண்டு அழுகிற சத்தம்.

"கேக்குது, ஆல்மா" என்றாள் ஹெஸ்டர். "நான் எடுத்தேன். எல்லாம் கேட்டேன். வைக்கலை. கடைசி வரைக்கும் வைக்கலை. இப்பவும் கேக்குது, நல்லாக் கேக்குது."

எத்தனையோ நாளாகக் காத்திருந்த வார்த்தை வந்துவிட்டது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று ஆல்மாவுக்குத் தெரியவில்லை. முக்காலியைப் பார்த்தாள். மறுபடி பெட்டியின் வாயருகே குனிந்தாள்.

"ஊசி எடுத்துக்கிட்டு உடனே வாங்க, டாக்டர்" என்றாள்.

அந்தக் குரல் மூன்று மைலும் தாராளமாகப் போயிருக்கும்.